மரித்தவர்களின் பெயர்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

மாலையில் செபமாலை முடிந்ததும், வழக்கம்போல எங்கள் குடும்பத்தில் மரித்தவர்களுக்கான செபத்தில் அவர்களின் பெயர்களை நானே சொன்னேன். அரிப்புக் கிராமத்திலிருந்து வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த தங்கை பிலோமினாவின் பெயரையும் அவர்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் இன்னும் போகேல்லை. இஞ்சதான் இருக்கிறன்" என்றாள். மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படுக்கப் போகும்போதுதான் பிலோமினா மெதுவாகச் சொன்னாள்: "அத்தானை விட்டிட்டியள், அக்கா."

அவர் இருந்தவரை நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் சொல்லமாட்டோம். அவர் போன பிறகு, இந்தச் செபத்தில் மட்டும்தான் சொல்லிவந்தேன். கடலுக்குப் போய்வந்த களைப்பில், செபமாலையின் மூன்றாம் பத்து மணிகளுக்கு வரும்போதே தூங்கிவிடுவார். முழங்கையால் இடிப்பேன். "முழிச்சுத்தான் இருக்கிறன், மதர்" என்பார். கன்னியர் மடத்தில் படித்தவள் என்று எனக்கு அந்தப் பட்டம்.

குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து விடியற்காலையில் காரணமில்லாமல் அழுகிறேன். மூளையில் பட்ட காயத்தால் வரும் மனச்சோர்வு என்கிறார் டொக்டர். குளிசை போடுகிறேன். அழுகையைப் பொறுத்துக்கொள்ளலாம். அவரை மறந்ததைப் பொறுக்க முடியவில்லை.

செபத்தைத் தாளில் பார்த்துச் சொல்பவர்களை நான் எத்தனை முறை கடிந்திருக்கிறேன். நாளைக்கு நானும் பார்த்துத்தான் சொல்வேன். அடுத்த பக்கத்தில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன்: சந்தியோகு. மற்றவர்களைக் காலையில் எழுதலாம்.