குரோமியத்துக்குக் கருணை வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லையாம், சாப்பாட்டு நேரத்தில் அது தானாகச் சரியாகிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். வேதியியலில் ஒரே ஒரு மார்க்கில் ஃபெயிலாகிவிட்டேன் என்று போனில் சொன்னபோது, விடும்மா, இந்த வயசுல பன்னிரண்டாவது எழுதினதே பெருசு என்றாயே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறேன், தப்பாக எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். நான் தப்பாக எழுதவில்லையே!

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். குரோமியத்தின் இருபத்து நான்கு எலக்ட்ரான்களும் எந்தெந்த ஆர்பிட்டாலில், அதாவது அணுவுக்குள் எந்தெந்த அறையில், இருக்கின்றன என்பது கேள்வி. வரிசைப்படி நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் 4s-இல் இரண்டு, 3d-இல் நான்கு என்று வரும், அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். 3d என்றால் ஒரே மட்டத்தில் ஐந்து அறை. அதில் ஒன்று காலியாகக் கிடப்பதைவிட, 4s-இல் ஜோடியாக இருப்பதில் ஒன்று இங்கே வந்து ஐந்திலும் ஒவ்வொன்றாக இருந்தால்தான் அந்த அணுவுக்கு நிம்மதி. அதனால் 3d-இல் ஐந்து, 4s-இல் ஒன்று. அப்படித்தான் எழுதினேன், அதைச் சிவப்பு மையால் சுழித்துப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். திருத்துகிறவர்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் நாலும் இரண்டும் என்றுதான் அச்சாகியிருக்கிறதாம், நல்ல கூத்து!

தேர்வு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன், பாடப்புத்தகத்தையே மேசையில் விரித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை கண்காணிப்பாளர், ஒரு மார்க் கருணை மதிப்பெண்ணாகப் போடுகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டாவது தேறிய சான்றிதழைப் பள்ளியில் காட்டினால் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு. கூட வந்திருந்த உன் அப்பா மேசைக்குக் கீழே என் காலை மிதிக்கிறார். கருணை எதுக்கு சார், பதில் சரின்னு எழுதிக் குடுங்க என்று சொல்லிப் பேனாவைத் திருப்பி வைத்துவிட்டேன். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தத் தப்பான விடைக்குறிப்பு அப்படியே நிற்கும், சரியாக எழுதிய மற்ற பிள்ளைகள் எல்லாம் மக்கு என்று ஆகிவிடும். வெளியே வந்ததும் உன் அப்பா, உன் பிடிவாதத்துல இடி விழ என்றார், பிறகு விடைக்குறிப்பைத் திருத்தச் சொல்லி நான் எழுதிய புகார் மனுவை அவரே அழகான கையெழுத்தில் நகல் எடுத்துத் தந்தார். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. இந்த வேலைக்கு எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தாண்டினால் போய்விடும். போகட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே. உன் மாமியார் என் தேர்வைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றாதே. அம்மா ஃபெயில் என்றே சொல். அம்மா எழுதியது சரி என்பதையும் சொல்.

உன்னைப் பெற்றவள்