தெரிஞ்ச பிள்ளை

மேலப்பாளையம்
14-12-97

அன்பு மகன் முஹ்சினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் தோஹாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உம்மா ஐந்து வேளையும் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, ஆற்றில் தண்ணீர் கலங்கலாகக் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஈரத்தில் உம்மாவுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்படி வேலையையும் விடாமல் செய்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. ஜவுளிக் கடையில் பெருநாளைக்கு வேண்டிய கைலிச் சாரமும் துப்பட்டியும் இறக்கிவிட்டேன், வியாபாரம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பத்தமடைச் சம்பந்தம் என்ன ஆயிற்று, ஏன் இன்னும் தேதி குறிக்கவில்லை என்று போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறையில் மற்றப் பிள்ளைகள் இருக்கும்போது இதை வாசிக்காதே. எங்கேயாவது தனியாக உட்கார்ந்து வாசி. வாசித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுதி அனுப்பு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கச்சி நஃபீஸத் எதில் மௌத்தானாள் என்று உனக்கும் எனக்கும் உம்மாவுக்கும் தெரியும். எய்ட்ஸ். இந்தச் சொல்லை இதுவரை என் கையால் நான் எழுதியதில்லை. அவள் மாப்பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அவர் சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, இனி அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம். அவரை அடக்கம் செய்த கையோடு இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இவளுக்கும் இருக்கிறது என்றதும் மாமனார் வீட்டில் ஒரு லாரி பிடித்து, சீர் சாமான் அத்தனையையும் ஏற்றி, அவளையும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கட்டில் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கத்தாருக்குப் போய் முதல்முதலாக அனுப்பிய பணத்தில் கல்லிடைக்குறிச்சி ஆசாரியிடம் சொல்லிச் செய்தோமே, தலைமாட்டில் கொடியும் பூவும் இழைத்த தேக்குக் கட்டில், அது பினாயில் வாடையோடு நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் நெஞ்சில் சளி, டி.பி. என்று சொன்னோம். நீயும் போனில் டி.பி.ன்னே சொல்லுங்க வாப்பா என்றுதான் சொன்னாய். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, நீ சொல்வதற்கு முன்பே நான் அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே நேசையா என்று ஒருவர் இந்த நோய் உள்ளவர்களை வைத்துப் பார்க்க ஒரு வீடு நடத்துகிறார், பெரிய ஆஸ்பத்திரியில் பெட் தராமல் திருப்பி அனுப்பினவர்கள், வீட்டுக்காரர்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், இப்படி ஆணும் பெண்ணுமாகச் சில பேர். அவரும் அவர் வீட்டம்மாவும்தான் எல்லாம். நஃபீஸத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லி உம்மா அங்கே கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாளெல்லாம் உன் தங்கச்சி அங்கேதான் போவாள். படுத்திருக்கிற பெண்களுக்குத் தலை வாரிவிடுவாளாம், கஞ்சி ஊட்டுவாளாம், உன் கடிதம் வந்தால் அதைக்கூடக் கொண்டுபோய் எங்க காக்கா எழுதியிருக்கு என்று வாசித்துக் காட்டுவாளாம். வீட்டில் சிரிக்காத பிள்ளை அங்கே போய்ச் சிரித்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும், அப்போது எங்கே போனாய் என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. அவள் மௌத்தான அன்றைக்கு மையித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக வருகிற பெண்மணி கைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொந்தக்காரப் பெண்கள் முற்றத்தில் நின்று அழுதார்கள், உள்ளே யாரும் போகவில்லை. அப்போது நேசையா வீட்டிலிருந்து சபீதா என்று ஒரு பிள்ளை ஆட்டோ பிடித்து வந்தாள், அவளுக்கும் அதே நோய், நிற்கவே தெம்பில்லாதவள், அவளும் உம்மாவும்தான் நஃபீஸத்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். அது யாரு என்று என் தம்பி, உன் சாச்சா கேட்டதற்கு, வேலைக்கு ஆள் கூப்பிட்டிருக்கு என்று சொன்னேன்.

போன மாதம் உம்மாதான் பேச்செடுத்தாள். அங்க பிள்ளைய எல்லாம் பாயில சுருண்டு கெடக்குதுவ, இந்தக் கட்டில் இங்கன ஒருத்தருக்கும் ஆகாம நிக்கி, அவ பேரச் சொல்லி அங்க குடுத்திருவோம் என்றாள். நோன்பு வந்தால் நம் வீட்டிலிருந்து கஞ்சியும் போக வேண்டும் என்றாள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. ஆனாலும் பார், அந்தக் கட்டிலை நான் எப்படிக் கொண்டுபோனேன் என்று. காலைக் கழற்றி, சட்டத்தைக் கழற்றி, வேனில் அடியில் போட்டு, மேலே சாரக் கட்டுகளை அடுக்கி, கடைச் சரக்கு போகிற மாதிரி கொண்டுபோனேன். பத்தமடையில் உனக்குப் பெண் பேசியிருக்கிறோம், பெண்ணின் வாப்பா அலி அக்பர் காதுக்கு ஏதாவது போய்விட்டால் என்ற பயம்தான் எனக்கு. நீ முப்பதைத் தொடப் போகிறாய், தங்கச்சிக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவன், உன் காரியம் கெட்டுப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி எய்ட்ஸ் தினம் என்று நேசையா அங்கே ஒரு சின்னக் கூட்டம் வைத்தார். உம்மா கட்டாயம் போக வேண்டும் என்றாள், போனோம். முற்றத்தில் ஷாமியானா போட்டு, படுத்திருப்பவர்களில் எழுந்து வர முடிந்தவர்களையெல்லாம் உட்கார வைத்திருந்தார்கள். நம் கட்டிலை வெளி அறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டு, சபீதா அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்திருந்ததால் எனக்கு நேர் எதிரே தெரிந்தாள். பத்திரிகையிலிருந்து ஒருவர் காமிராவோடு வந்திருந்தார். நேசையா நல்லெண்ணத்தில்தான், கட்டில் கொடுத்த பெரியவர் ரெண்டு வார்த்தை சொல்லணும், யார் நினைவாகக் கொடுக்கிறார் என்று அவரே சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். அந்த ஆள் காமிராவைத் தூக்கினார். பத்திரிகையில் போட்டோவும் பேரும் வந்தால் பத்தமடையில் பார்ப்பார்களே என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு தெரிஞ்ச பிள்ளை நினைவா குடுக்கேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். உம்மா தட்டவில்லை. கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள், நான் குடித்தேன் முஹ்சின், எனக்கு அது தொண்டையில் இறங்கவும் செய்தது. புறப்படும்போது அந்த அறை வழியாகத்தான் செருப்பு போடப் போக வேண்டும். சபீதா ஸலாம் சொன்னாள், பதில் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை, முகத்தில் கோபமும் இல்லை, அந்தப் பிள்ளைய ஒங்களுக்கு எப்படி மாமா தெரியும் என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் வீடு வரும்வரை உம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். சாப்பாடு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, பெத்த வாப்பா இருக்கும்போதே அவள யாருமத்தவளா ஆக்கிட்டியளே என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதை நீ கேட்டிருக்கிறாயா? பத்திரிகையில் போட்டோ வரவே இல்லை, வராத போட்டோவுக்குப் பயந்து பெற்ற மகளை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிவாசலில் தொழுகையில் நின்றால் அந்தப் பிள்ளை கேட்டதுதான் காதில் விழுகிறது. ஓதினது எது ஓதாதது எது என்று தெரியாமல் தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறிப் பத்தமடைக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனேன், அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும், கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் சரி என்று இருந்துவிடுவேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அலி அக்பர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார், கல்யாணத் தேதி பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து வீட்டில் உடனே பலகாரம் எடுத்துவைத்தார்கள். நான் தட்டில் கை வைக்காமல் சொன்னேன். என் மகள் டி.பி.யில் சாகவில்லை, எய்ட்ஸில் செத்தாள், புருஷன் மூலமாக வந்தது, ஊரில் மறைத்தோம், உங்களிடமும் மறைத்தோம் என்றேன். திரைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. அலி அக்பர், காக்கா, இத நீங்க சொல்லாட்டா எங்களுக்கு யாரு வந்து சொல்லப்போறா, என்னத்துக்குச் சொன்னிய என்று கேட்டார். மகளை இல்லைன்னு சொல்லிட்டு மகனுக்குப் பொண்ணு கேக்க எனக்கு நாக்கு எழும்பல என்றேன். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், அவன் தங்கச்சிக்கு வந்தா அவனுக்கு எப்படி வரும், அவன் கடல் தாண்டி இருக்கான் என்றேன். பைய யோசிச்சுச் சொல்லுதோம் என்றார். நான் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது, அந்த மனுஷர் தன் குடையைக் கொண்டுவந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் எனக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார், பிள்ளை மேலே படிக்க ஆசைப்படுகிறதாம். சம்பந்தம் அதோடு முடிந்தது. அவரைக் குறை சொல்லாதே. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் குடை பிடித்திருக்க மாட்டேன்.

உண்மைக் காரணம் எப்படியோ தரகர் காதுக்கும் போயிருக்கிறது, அவருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரிதான். எதிர்க்கடைக்காரர் முன்னே மாதிரி வந்து உட்கார்ந்து பேசுவதில்லை. உன் மாமி வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு உம்மாவைக் கூப்பிடவில்லை. உம்மா அன்றைக்கு நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு நான் செய்தது அநியாயம் என்று எனக்குத் தெரிகிறது. மகளுக்குச் செய்த தப்பைச் சரிசெய்யப் போய் மகனுக்குத் தப்புச் செய்துவிட்டேனா என்று யோசிக்கிறேன், இன்றுவரை விடை தெரியவில்லை.

நேற்று உம்மாவைக் கூட்டிக்கொண்டு நேசையா வீட்டுக்குப் போனேன். சபீதா அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள், முன்னைவிட மெலிந்து போயிருக்கிறாள். அறையில் மற்றப் பெண்களும் நேசையாவும் இருந்தார்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும், சபீதா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல, நஃபீஸத் எம் மவ, நாந்தான் அவளுக்கு வாப்பா என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நீ வேலைக்கு வந்தவ இல்ல, எம் மவளக் குளிப்பாட்டுன பிள்ள என்றும் சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை, என்ன மாமா என்றாள், உம்மாவுக்குப் புரிந்தது. பிறகு சபீதா எழுந்து பக்கத்திலிருந்த ஸ்டூலுக்கு மாறிக்கொண்டு, ஒங்க மவ கட்டில்தானே, உக்காருங்க மாமா என்றாள். முஹ்சின், உன் தங்கச்சி நம் வீட்டில் அந்தக் கட்டிலில் கிடந்த மாதங்களில் ஒரு நாள்கூட நான் அதில் உட்கார்ந்ததில்லை. தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஆனாலும் வாசல்படியிலேயே நின்று, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். சாப்பிட்டேன் வாப்பா, நீங்க போங்க என்று அவளே என்னை அனுப்பி வைப்பாள். நேற்றுத்தான் உட்கார்ந்தேன். அவள் போன பிறகு உட்கார்ந்தேன்.

கட்டிலில் பேர் எழுத வேண்டுமா என்று நேசையா கேட்டார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் சம்பாத்தியத்தில் வாங்கியது, ஆகவே உன் சம்மதத்தையும் கேட்கிறேன், வேண்டாம் என்றால் எழுது, ஆனால் வேண்டாம் என்று எழுதிவிடாதே மகனே. நோன்பு முப்பது நாளும் நம் வீட்டுக் கஞ்சி அங்கே போகும், நானே தூக்குப் போணியில் பகலில் தெரு வழியாகக் கொண்டுபோகப் போகிறேன். உனக்கு அல்லாஹ் வேறு நல்ல இடத்தை முடித்துத் தருவான், இந்த முறை முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்பேன்.

ஸஹர் சாப்பிடாமல் நோன்பு வைக்காதே, வெயிலில் வேலை என்றால் நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொள். உன் ஹயாத்தையும் பரக்கத்தையும் ரஹ்மானாகிய அல்லாஹ் நீளமாக்கித் தரட்டும், நாங்கள் கண்ணால் காண நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தங்கச்சி மௌத்தான பிறகு நீ போனில் பேசும்போதெல்லாம் அவள் பேரைச் சொல்வதே இல்லை என்று உம்மா வருத்தப்படுகிறாள். அடுத்த முறை கூப்பிட்டால் முதலில் உம்மாவிடம் அவளைப் பற்றி ஏதாவது பேசு. அங்கே யாராவது கேட்டாலும் டி.பி. என்று சொல்லாதே.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நஃபீஸத்துக்கும் உனக்கும் வாப்பா,
அகமது மீரான்