கெபியின் அடியில் போன தண்ணீர்

ஆகஸ்ட் 17, ஞாயிறு
பூசை முடிந்து பங்குப் பேரவைக் கூட்டம். மணிக்கூண்டில் விரிசல் இன்னும் அகன்றிருக்கிறது. மணி அடித்து இரண்டு வருடம். "அஸ்திவாரமே போச்சு. மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்" என்றார் உபதலைவர் ராஜமாணிக்கம். நூற்று நாற்பது வருடக் கோவில். எனக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அங்கேதான். இடிக்க விடமாட்டேன் என்று கத்தினேன். "காரணம் சொல்லுங்க டீச்சர்." முப்பது வருடம் கணக்கு நடத்தியவள், ஒரு வாரம் டைம் கேட்டேன். அடுத்த ஞாயிறு முடிவாம்.

ஆகஸ்ட் 19
கோவிலுக்கு எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் சாந்த் பாஷா பாய் புலம்பினார். "பன்னெண்டு மணி அடிக்காம எனக்குச் சாப்பாட்டு நேரமே தெரியல டீச்சர்." பிறகு அவராகவே கேட்டார்: "முன்னல்லாம் கோயில் மழைத்தண்ணி எங்க கடை முன்னால கால்வாய்ல வந்து விழும். நீங்க கெபி கட்டுனதுல இருந்து ஒரு சொட்டு வரல. அவ்ளோ தண்ணி எங்க போவுது?"

வேறெங்கே, அஸ்திவாரத்துக்குள்தான். மணிக்கூண்டை ஒட்டி, பழைய வடிகால் மேல்தானே மாதா சிலைக்குக் குகை மாதிரி அந்தக் கெபியைக் கட்டினேன்? என் வீட்டுக்காரர் இறந்த வருடம். கல்லில் 'அப்பாசாமி நினைவாக' என்று பொறித்து.

ஆகஸ்ட் 20
சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
சொல்லிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்த கதையை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கெபியை எடுங்கள், கோவிலை விடுங்கள் என்றேன். ராஜமாணிக்கமே தயங்கினார். "கெபிய இடிக்கிறது பாவம் இல்லீங்களா?"
"மாதாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க இடிங்க."
மழைக்காலம் முடியும்வரை பார்க்கலாம் என்றார் ஃபாதர். போதும்!

ஆகஸ்ட் 28
முதல் அடி நானே அடித்தேன். அழுதேன். அதற்கென்ன, அழுகை வரத்தானே செய்யும்? அடியில் வடிகால் முழுக்கச் சேறு. "கல்லு கெடலீங்க, ஊறிப்போயி கெடக்குது" என்றார் மேஸ்திரி தருமன். வடிகாலைத் திறந்துவிட்டு, விரிசலை அடைத்து, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்தார். "செவுரு நவுந்தா இது ஒடையும்."

அக்டோபர் 22
கொட்டும் மழை. குடையோடு ஓடினேன். கண்ணாடி முழுசு. எதிரே பாய் நனைந்துகொண்டே கையை ஆட்டினார்: "தண்ணி வந்துடுச்சி டீச்சர்!"

டிசம்பர் 3
கார்த்திகை தீபம். ஊர் கொள்ளாத கூட்டம். கண்ணாடி முழுசு.

டிசம்பர் 8, மாதா திருநாள்
இடிக்கும் பேச்சை நேற்றே கைவிட்டார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு ராஜமாணிக்கம் மணிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீங்க இழுங்க டீச்சர்." இழுத்தேன். தேரடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்! தோள் இன்னும் வலிக்கிறது.

வெளியே வந்து பார்த்தேன். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.