பொட்டு வைத்த பாட்டில்

நவம்பர் 20

புயல் மழையில் மலை சரிந்து மண் வந்ததே, அதற்கு மறு வருடம் இது. என் மனைவி ராணியம்மாள் போய்ச் சேர்ந்ததும் இதே வருடம்தான்.

எழுத எனக்கு வராது. பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால்தான் அதற்குப் பிடிபடுகிறது. கண் மங்கல் என்று மகளிடம் பொய் சொல்லி இதைப் பழகிக்கொண்டேன். எழுதியதைப் படிக்கவும் வராது. அதனால் தைரியமாகப் பேசலாம்.

நவம்பர் 27

அடி அண்ணாமலையில், ஆராய்ச்சி படிக்கிற மதிவதனியின் உருளைக்கிழங்கு வயலில் எனக்கு வேலை. இருபது வரிசை, எல்லாம் ஒரே தாய்க் கிழங்கின் பிள்ளைகள்.

இன்று அந்தப் பெண் சொன்னாள்: "ராத்திரி நீளமாச்சுன்னா இலைக்குத் தெரிஞ்சுடும் தாத்தா. தண்டு வழியா கீழ சேதி அனுப்பும். மண்ணுக்குள்ள ஓடுற கொடி நுனி நின்னு, உருண்டு, கிழங்காவும். நம்ம ஊர் வெக்கையில அந்தச் சேதி கம்மியாயிடும். இந்தச் செடியோட மரபணு வெக்கையிலயும் சேதி அனுப்புதான்னு பாக்கணும்."

கொட்டகையில் இரண்டு பாட்டில். ஒன்று நீட்டுகிற மருந்து. விதைக் கிழங்கின் தூக்கத்தைக் கலைக்க மட்டும். வளர்ந்த செடியில் பட்டால் கொடி நிற்காமல் ஓடும், கிழங்கு வைக்காது. மற்றது ஓட்டத்தை நிறுத்துகிற மருந்து. இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம். நீட்டுகிறதற்கு நான் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 5

முந்தாநாள் கார்த்திகை தீபம். மதிவதனியின் உதவியாள் கோபி கொட்டகையைக் கழுவி, தெளிப்பான் முதல் பாட்டில் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டான். இன்று வயல் முழுக்க நிறுத்துகிற மருந்து அடிக்கச் சொன்னாள் மதிவதனி.

எது எது? கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஒன்றை எடுத்து அடித்தேன். பதினொன்றாம் வரிசையில், வேப்பமரத்துப் பக்கமிருந்து ஆறாவது செடியோடு டாங்க் காலி. அங்கே மனசு கேட்கவில்லை. பாட்டிலை மாற்றி மீதியை அடித்தேன்.

இரண்டில் ஒன்று தப்பு. அது மட்டும் தெரியும்.

டிசம்பர் 6

வயலைச் சுற்றிப் பார்த்தேன்; எல்லாச் செடியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

டிசம்பர் 17

முதல் பத்து வரிசையும் வெளுத்து, இடுப்புக்கு வந்துவிட்டன. கோபி சிரிக்கிறான்: "இன்னா தாத்தா, உருளைக்கு பதிலா முருங்கை நட்டியா?" நானும் சிரித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 22

மதிவதனி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனில் யாரிடமோ சொல்கிறாள்: "ஒரே தாய், பாதி ஒரு மாதிரி, பாதி ஒரு மாதிரி சார். இந்த மரபணு நிலையா நிக்கல. மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுட்றேன்."

மூணு வருஷம் பாடுபட்டிருக்கு அந்தப் பொண்ணு. செடி மேல தப்பே இல்ல. நான்தான். சொன்னா வேலை போயிடும். போனா போவுது, மானம்? கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஏமாத்தினவன்னு ஊரே சொல்லுமே — சொல்லாம இருந்தா?

நாளைக்குப் பிடுங்க ஆள் வருகிறது.

டிசம்பர் 23

ஆள் வருவதற்கு முன் இரண்டு பாட்டிலையும் அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல எது எதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

அவள் இரண்டு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு நோட்டை எடுத்தாள். எந்த வரிசையில் தொடங்கினேன், எத்தனை டாங்க், காற்று எந்தப் பக்கம், எந்தச் செடியில் மாற்றினேன் — எல்லாம் சொன்னேன்.

"ஆறாவதா? நிச்சயமா?"

"ஆறாவதும்மா."

மண்வெட்டியோடு பதினொன்றாம் வரிசைக்குப் போனோம். ஆறாவது செடியின் கீழே வெறும் கொடி, நூல் நூலாக. ஏழாவதைத் தோண்டினாள். கோலிக்குண்டு அளவில் நான்கு. எட்டாவதில் ஏழு. அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிக்குது தாத்தா. இந்த வெக்கையிலயும் நிக்குது."

வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். கோபி தூரத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "இது வேற யாருக்குத் தெரியும்?"

அம்மாவுக்குத் தெரியும். அண்ணன் கருப்பனுக்கு. கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த சகாதேவன் வாத்தியாருக்கு. ராணியம்மாளுக்கு. நாலு பேரும் போய்விட்டார்கள்.

உயிரோடு இருப்பது மதிவதனி ஒருத்திதான்.