சுண்ணாம்பு அடித்த தொட்டியில் பூத்த ஹைட்ரேஞ்சியா

சண்டை போடவும் சமாதானம் ஆகவும் இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே அம்மாவான என் மாமியாருக்கு,

உங்கள் ஹைட்ரேஞ்சியா பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றிவளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. மாமனாரின் நிம்மதியைக் கெடுத்தவள் என்று இந்த பில்டிங்கில் எனக்குப் பெயர் வந்தாயிற்று. மாடிக்கு ஒரு கதை ஓடுகிறது. உங்களுக்குச் சொல்வதை அவர்களும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்க எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு இங்கே என்னென்னவோ மாறிவிட்டது. தாதருக்குப் போனால் டிராம் இல்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கவே பாதிக் காலை போய்விடுகிறது. உங்கள் பேத்தி ஹிந்தியில்தான் சண்டை போடுகிறாள். தமிழைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் திணறுகிறாள். மாறாதது நம் வீட்டுப் பின்பக்கம் ஒன்றுதான். சமையலறை ஜன்னலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, பலாமர நிழலில், துணி கூடக் காயாத அந்தச் சந்து.

அங்கே ஒன்றும் வளராது என்று எல்லோரும் சொன்னார்கள், நான் உட்பட. குன்னூரில் உங்கள் தம்பி வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த குச்சியை நீங்கள் அங்கேதான் தொட்டியில் ஊன்றினீர்கள். காலையில் சற்று நேரம் இளவெயில், பிறகு நாள் முழுக்க நிழல். கோடையில் தொட்டியைச் சுற்றி நனைத்த கோணி. மழைக்காலத்தில் வேர் அழுகாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் செங்கல். ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கை மொத்தமும் அதற்குத்தான். பிள்ளை பெற்று வந்த எனக்குக்கூட இத்தனை பத்தியம் பார்க்கவில்லையே என்று கேலி செய்தேன். நீ என்ன, நீலமாப் பூக்கப் போறியா என்று கேட்டீர்கள்.

அது பூத்தது. இரண்டு கையிலும் அடங்காத நீலக் கொத்து. எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மாள் காகிதப்பூ என்று நினைத்து ஓர் இதழைக் கிள்ளிப் பார்த்தாள். மண் புளிப்பாக இருக்கிறவரைதான் இந்த நீலம் என்று அன்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்துவிடும், இன்னும் சேர்ந்தால் இலை வெளிறிச் செடியே போய்விடும் என்றும் சொன்னீர்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் அந்தச் சந்துப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லையே.

நீங்கள் போனதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். வருஷம் முழுவதும் வீட்டில் பண்டிகை இல்லை; அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் வருஷாப்திகம் முடிந்து முதல் தீபாவளி வந்தபோது தானே எழுந்து சுண்ணாம்பு கரைத்தார். துளசி மாடத்துக்கு வெள்ளை அடித்துக் காவிப் பட்டை போட்டார். அதோடு நிற்காமல் சந்தில் இருந்த உங்கள் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி வெள்ளையும் காவியும். நான் முறுக்குப் பிழிந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எறும்பு வரக்கூடாது என்று மிச்சச் சுண்ணாம்பை ஹைட்ரேஞ்சியாவின் வேரில் ஊற்றியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசியில் செடி பூத்தது. நீலம் இல்லை, நல்ல ரோஜா நிறம். அப்பாதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியாம்மா, குங்குமக் கலர்," என்றார். "வந்துட்டா."

மஞ்சள் குங்குமத்தோடு போனவள் குங்குமமாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று அவர் நம்பிவிட்டார். அன்று ரசம் இன்னொரு கரண்டி கேட்டார். தான் வெள்ளை அடித்ததில் மனம் குளிர்ந்துதான் நீங்கள் வந்தீர்கள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்து, மிச்சத்தை வேரில் விட்டார். செடிக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு உங்களோடு பேசினார், சிரிக்கவும் செய்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாயைத் திறக்காமல் நின்றேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வைகாசியில் இலை வெளிற ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். புதுத் துளிர் பிறக்கும்போதே சோகையாகப் பிறந்தது. உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். செடி போனால் போகட்டும், அப்பா சாப்பிடுகிறாரே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால், நீங்கள் என்று நினைத்துக் கொஞ்சுகிற செடி அவர் கையாலேயே கருகிப்போனால், அந்த மனுஷர் எழுந்து உட்காருவாரா? ஒரு தடவை பறிகொடுத்ததற்கே அந்தப் பாடு.

ஆடி வெள்ளியன்று சுண்ணாம்பு டப்பாவோடு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் கையைப் பிடிக்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"வேண்டாம்ப்பா. சுண்ணாம்பாலதான் சிவப்பாப் பூத்தது. அம்மாவே எங்கிட்ட சொல்லியிருக்கா. இனிமே விட்டா செடி போயிடும்."

அவர் செடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ, அவ வரலையா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை.

"வரலைப்பா."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தொட்டியைக் கவிழ்த்து, வேரில் ஒட்டியிருந்த மண்ணை அலசி, பலாமரத்தடியில் மக்கிக் கிடந்த சருகு மண்ணைப் போட்டு, வேறு தொட்டியில் வைத்தேன். அந்த வாரமே இலை எல்லாம் கொட்டிவிட்டது. அப்பா பழையபடி ஊமையானார். இரவுச் சாப்பாட்டை மறுத்தார். உங்கள் பிள்ளை என்னோடு பேசுவதை நிறுத்தினார். வேண்டுமானால் குழந்தையிடம் சொல்லி அனுப்புகிறார். உள்ளதைச் சொன்னது தப்பா அம்மா? ராத்திரி படுத்தால் இதே கேள்விதான். கிழவர் பிழைத்திருக்க ஒரு சிவப்புப் பூ போதும் என்றால், அதைப் பிடுங்க நான் யார்?

நேற்றுக் காலையில் முறத்தை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எனக்கு எதிரே வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"அவ போறச்சே நீதானே கூட இருந்தே," என்றார்.

ஆமாம், நான் மட்டும்தான் இருந்தேன். குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தவர், அந்த மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப லோக்கல் ரயிலில் வந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

"என்ன சொன்னா?"

உங்களைத்தான் கேட்டா அப்பா என்று சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

"ஜன்னலைச் சாத்தச் சொன்னா. வெயில் கண்ணுல படறதுன்னா. சாத்திட்டுத் திரும்பினேன், அதுக்குள்ள..."

காரியத்தன்று கூட அழாத மனுஷர் அழுதார் அம்மா. சத்தம் போட்டு அழுதார். மாடியிலிருந்து நாலு பேர் இறங்கி வந்து வாசலில் நின்றார்கள். உங்கள் பிள்ளை குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்து என்னைத்தான் முறைத்தார். நான் யாரையும் உள்ளே விடவில்லை, அவரை அடக்கவும் இல்லை. அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். சொன்னேன். எந்த ஜன்னல் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சாயங்காலம் மறுபடி கேட்டார்.

குச்சியில் ஒரு கணு மட்டும் இன்னும் காயாமல் இருக்கிறது. துளிர்க்குமா, காயுமா, எனக்குத் தெரியாது. செடியைப் பற்றி உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இதற்கு வேண்டுமானால் கொடுக்கிறேன்: அவர் கேட்கும்போதெல்லாம் அந்த மத்தியானத்தைச் சொல்வேன். அலுத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தைகூடக் கூட்ட மாட்டேன்.

உங்கள் கண்ணை மூடிவிட்டவள்,
உங்கள் மாட்டுப்பெண் சரோஜா