கப்பல் படத்தில் ஒளிந்திருந்தவன்

பாவா,

ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் நம் படப்புத்தகம். திறந்தாலே உன் பீரோவின் அந்துருண்டை வாசனை வருகிறது. நான் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி ஒரே பக்கத்தையே பார்ப்பதை எதிர் சீட்டு அம்மாள் வேடிக்கை பார்க்கிறார். பார்க்கட்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அரக்கோணத்தில் பழைய பேப்பர் கடையிலிருந்து நம் சின்ன வயதில் உன் அப்பா, என் மாமா, கொண்டுவந்த புத்தகம். அட்டை கிடையாது. முழுக்க இங்கிலீஷ் கதை, நமக்கு ஒரு வரி ஓடாது. படங்களே போதுமாக இருந்தன. பனியில் வண்டி இழுப்பவர்கள், பாம்புக்கு நேராகக் கிளையில் தொங்குபவன், கடைசியில் பாதி மூழ்கிய கப்பல். வண்ணமே இல்லை, எல்லாம் செதுக்கிய கோடுகள். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் எறும்பு அளவில் ஒரே பெயர். அந்தப் பெயர்க்காரன் எல்லாப் படத்திலும் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கிறான் என்று நீ முடிவு கட்டினாய்.

“மலைக்கோயில் படியில கூடத்தான் பேர் வெட்டியிருக்கு. அவங்கள்லாம் அங்கயா நிக்கிறாங்க?” என்று மடக்கினேன்.

“அவங்க படி கட்டிக் குடுத்தவங்க. இவன் ஒளிஞ்சிகினு கீறான். தேடு.”

தேடினோம். பனி மடிப்பில் ஒரு மூக்கு கிடைத்தது. மரப்பட்டையில் ஒரு முழு முகமே கிடைத்தது. கப்பல் படத்தில் மட்டும் அவன் அகப்படவே இல்லை.

நான் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய், உனக்குத் தலை நரைத்த பிறகும் இது ஓயவில்லை. திடீரென்று போன் வரும்: “கப்பல்ல ஆள் மாட்டிகினான். வா, காட்டுறேன்.” நானும் கிளம்பி வருவேன். பூச்சி அரித்த ஓட்டை ஒன்றைக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பாய். உன் மனைவி, நான் அக்கா என்கிறவர், காபியோடு வந்து, “உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா?” என்பார். எத்தனை தடவை ஏமாந்தாலும் எனக்குப் புத்தி வந்ததில்லை.

கடைசியாகக் கூப்பிட்டபோது உன் குரலில் சிரிப்பில்லை. “இந்த வாட்டி நெஜமாவே பாத்துட்டேன்” என்றாய். மறுநாள் முதல் வண்டியில் வந்தேன். தெருமுனையிலேயே ஷாமியானா தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து அக்கா புத்தகத்தை என் கையில் கொடுத்தார். போன வாரம் என் மகன் அதைப் புரட்டிவிட்டு, “அம்மா, மூலையில இருக்கறது படத்தைச் செதுக்குனவன் பேரும்மா” என்றான். நன்றாயிருக்கிறது போ! ஆள் படத்துக்குள் இல்லவே இல்லையாம். அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. சொல்லிக்காட்ட நீ இல்லையே என்று கோபமாக வருகிறது.

அப்படியானால் நீ எதைப் பார்த்தாய்? வழக்கமான விளையாட்டா? அலைக்கோடுகளில் உண்மையாகவே ஒரு முகம் தெரிந்ததா? பாய்மரம், கயிறு, நுரை என்று நகத்தால் தடவித் தடவிப் பார்க்கிறேன். காலண்டரோ மருந்துப்பெட்டியோ, எந்தப் படத்தைக் கண்டாலும் இப்போது என் கண் மூலைக்குப் போய்விட்டு ஆளைத் தேடுகிறது.

நேற்று பொறுக்காமல் அக்காவுக்குப் போன் போட்டு, கப்பலில் எந்த இடத்தை நீ அவருக்குக் காட்டினாய் என்று கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு பொஸ்தகத்த அவர் தொறக்கவே இல்ல. நீ வருவேன்னு வாசலையே பாத்துகினு இருந்தாரு.”

நீ கூப்பிடாமல் நான் திருத்தணிக்கு வருவது இதுதான் முதல் தடவை. பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் பாவா, இன்னொரு வாட்டி கூப்பிடு.