வெண்டைக்கு ஏற்றிய ஒன்றரை டெசிபல்

மயூர் விஹார் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: எங்கள் பிளாக் மூன்றாம் மாடியில் வசித்துவந்த ஹெட்போனின் இடது காது மெத்தை, நெடுநாள் தோல் நோயால் அவதிப்பட்டு, இன்று காலை எட்டரை மணியளவில் ஆலு பராட்டா தட்டின் மேல் உதிர்ந்து இயற்கை எய்தியது. வலது காது மெத்தை பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறது. மலர் வளையம் வைக்க விரும்புவோர், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தவிர்த்து வரவும்.

அக்கா, அது உன் ஹெட்போன். உன் அம்மா என்னிடம் கொடுத்தது. மெத்தையின் கறுப்புத் துணுக்குகள் என் காதிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் கழுவப் போனவன், கழுவாமல் வந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணம் என்று யாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இந்தியில் எழுதினால் தம்பி படிப்பான். ஆங்கிலத்தில் எழுதினால் அப்பா படிப்பார். தமிழில் எழுதினால் அம்மா மட்டும்தான் படிக்க முடியும். அவளுக்கோ என் கையெழுத்து புரியாது.

நீ நான்காம் மாடி, நான் மூன்றாம் மாடி. நீ கல்லூரியில் கடைசி ஆண்டு, நான் பத்தாம் வகுப்பு. உன் மடிக்கணினிக்குள் ஒரு வாத்தியக் கடையே இருந்தது. மரம், தந்தி, தோல் எதுவும் கிடையாது. கணக்குப் போட்டே ஒலி எழுப்பும் மென்பொருள்கள். சின்தசைசர் என்ற மின்வாத்தியப் பெட்டி செத்துப்போய், அதன் ஆவி மட்டும் கணினிக்குள் புகுந்துகொண்டது என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. எந்த ஆவிக்கு நல்ல குரல் என்று இணையத்தில் ஊரே அடித்துக்கொள்வதைக் காட்டினாய். ஒருவன் இது வெதுவெதுப்பாக இருக்கிறது என்பான், இன்னொருவன் அது ஜில்லென்று இருக்கிறது என்பான். ஏதோ குளியலறைச் சண்டை போல இருந்தது.

"அவனுவ காதால கேக்கல லே, கண்ணால கேக்கானுவ" என்றாய். டில்லியிலேயே பிறந்தாலும் உன் வீட்டில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. திரையில் தேக்குமரப் பலகையும் பித்தளைத் திருகும் வரைந்து வைத்தால் ஒலியும் உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது உன் கட்சி. திரையை மூடிவிட்டுக் கேட்கச் சொன்னால் பாதிப் பேருக்கு எது எதென்றே தெரியாதாம்.

எனக்கு அது போதாதா? மறுநாளே எங்கள் சொசைட்டியின் செக்ரெட்டரி அங்கிளைப் பிடித்தேன். இளமையில் ஆறு மாதம் சிதார் கற்றவர். மீதி வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் கண்ணைக் கட்டி, ஒரே ஒலியை இரண்டு முறை போட்டு, இரண்டும் வெவ்வேறு மென்பொருள் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "பெஹ்லே வாலே மே ரூஹ் ஹை, பேட்டா" என்றார். முதலாவதில் ஆத்மா இருக்கிறதாம், இரண்டாவது வெறும் இயந்திரமாம். நீ சமையலறைக்குள் ஓடி, குக்கர் சத்தத்துக்குள் ஒளிந்து சிரித்தாய். பிறகு வெளியே வந்து, உனக்கும் ஒரு முறை போடச் சொன்னாய். போட்டேன். அதே ஒலி, இரண்டு முறை. ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டாய்.

"ரெண்டும் ஒண்ணுதாம் லே. என் நேரத்த வேஸ்ட் பண்ணாத."

என்னால் காது குத்த முடியாத முதல் ஆள் நீதான். அதற்குப் பிறகு காலை மாலை எனக்குப் பயிற்சி. நீ கேள்வி ஞானத்தால் ஜெயித்தாய், நான் வாயால் ஜெயித்தேன். சில மாதங்களில் எந்த மென்பொருள் என்றாலும் முதல் வினாடியிலேயே சொல்லிவிடுவேன் என்று மாடிக்கு மாடி அறிவித்தேன். 'நல்லா இருக்கு' என்று பொதுவாக எதையாவது சொன்னால் உனக்குப் பிடிக்காது. "நல்லாருக்குங்கது பதில் இல்ல. எதுன்னு சொல்லு" என்பாய்.

இதற்கிடையில் நீயே ஒரு சின்தசைசர் எழுதிக்கொண்டிருந்தாய். மேல் சுரங்களுக்குப் போனால் கூடவே தகர டப்பா உருளுகிற மாதிரி ஒரு சத்தம் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துரத்தவே உனக்கு ஒரு குளிர்காலம் போயிற்று. பெங்களூரில் இசை மென்பொருள் செய்யும் ஒரு சிறு கம்பெனி, நீ செய்ததை அனுப்பு, பார்க்கிறோம் என்று எழுதியிருந்தது. நீ அனுப்பவில்லை. உன் வீட்டு டிவி மேஜையில் லக்ஷ்மி நகர் கோச்சிங் வகுப்புக்கான படிவம் இருந்தது. அரசுத் தேர்வுக்கு. உன் அப்பாவே தன் கையால் நிரப்பி, உன் போட்டோவும் ஒட்டி வைத்திருந்தார். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். படிவத்தைக் காலியாகப் பார்த்தால் உடனே பேனாவைத் திறந்துவிடுவார்.

நீதான் அந்தப் பந்தயத்தைச் சொன்னாய். சந்தையில் பேர்போன மூன்று மென்பொருள்கள், கூட உன்னுடையது. ஒரே மெட்டு. பத்துப் பேர் கேட்கட்டும். உன்னுடையதற்கு எல்லாவற்றையும்விடக் குறைந்த வாக்கு விழுந்தால், திங்கட்கிழமை நீ லக்ஷ்மி நகர் மெட்ரோவில் இறங்குவாய், பெங்களூருக்கு எதுவும் போகாது. உன் அப்பா ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும்.

முறை என்றால் அப்படி ஒரு முறை. நான்கு ஒலிகளையும் ஒரே அளவு சத்தத்தில் பதிவு செய்து, கத்தரி, வெண்டை, பூசணி, முருங்கை என்று பெயர் வைத்து என்னிடம் கொடுத்தாய். எது உன்னுடையது என்று எனக்கும் சொல்லவில்லை. "ஒம் மூஞ்சி காட்டிக் குடுத்துரும் லே" என்றாய். அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு உன் அப்பாவிடம் ஒப்படைத்தாய். அவர் பசை தடவி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டு, டெண்டர் உறை மாதிரி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொத்தானையும் போட்டார். நீ துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உன் வீட்டுக் கூடம். என் அம்மா, செக்ரெட்டரி அங்கிள், துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் பையா என்று கூப்பிடும் கேட் காவலர், மற்றும் ஏலக்காய் டீ வாசனைக்கு வந்து சேர்ந்தவர்கள். கண்ணைத் துப்பட்டாவால் கட்டி, ஒவ்வொருவர் தலையிலும் உன் ஹெட்போனை மாட்டினேன். என் அம்மா எது பிடித்தது என்பதை விட்டுவிட்டு, எந்தக் காய் இன்று மலிவு என்று கேட்டாள். கேட் பையா மட்டும் எல்லாவற்றையும் மூன்று முறை போடச் சொன்னார். வாழ்க்கையில் தன் அபிப்பிராயத்தை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை என்றார். உன் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்.

இப்போது, அக்கா, உனக்குத் தெரியாத ஒன்று. அந்தத் தேர்தலில் தில்லுமுல்லு செய்தவன் நான். முந்தின நாள் சாயங்காலம் நான்கையும் கேட்டேன். முதல் வினாடியிலேயே தெரிந்துவிட்டது: வெண்டைதான் நீ. தாழ்ந்த சுரத்தில் லேசான ஒரு கரகரப்பு, காலையில் எழுந்ததும் நீ பேசுகிற மாதிரி. இரண்டு ஒலிகளில் ஒன்றைக் கொஞ்சமே கொஞ்சம் சத்தமாக வைத்தால், சத்தம் கூடியிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது, அதுதான் நல்லது என்று தோன்றும். அதையும் நீயேதான் சொல்லியிருந்தாய். வெண்டையை ஒன்றரை டெசிபல் ஏற்றி வைத்தேன். கண்ணைக் கட்டியது அவர்களுக்கு. கண்கட்டு வித்தை என்னுடையது.

பத்தில் ஐந்து வாக்கு உனக்கு. அடுத்து வந்ததற்கு மூன்று. இன்னொன்றுக்கு இரண்டு. ஒன்றுக்குப் பூஜ்யம். உன் அப்பா உறையைக் கிழித்துப் படித்ததும் மொட்டை மாடிக்கு ஓடி வந்தேன். நீ ஈரச் சட்டையை உதறாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். ஐந்து என்றேன். கைவிரல் ஐந்தையும் காட்டினேன். "யாரு லே அஞ்சு பேரு, பேரச் சொல்லு" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டாய். கேட் பையா பெயர் வந்தபோது உனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானமே பெங்களூருக்கு அனுப்பினாய்.

ஒன்றரை வருஷம் அந்தக் கம்பெனிக்கு இந்த நான்காம் மாடியில் இருந்தே வேலை செய்தாய். உன் அப்பா மெட்ரோவில் பக்கத்து சீட்காரரிடம், "என் பொண்ணு சத்தம் போடறா, அதுக்குச் சம்பளம்" என்று சொல்லிக்கொண்டு போவார். அவர் அடித்த ஒரே ஜோக், தினமும் அடித்தார். போன செப்டம்பரில் காய்ச்சல் என்றாய். டெங்கு. ஏழு நாள். எட்டாம் நாள் காலையில் உன் வீட்டு வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்து நான் படியிலேயே நின்றுவிட்டேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

அதன்பின் நான் ஒரு காரியம் செய்தேன். பார்க்கில் பையன்களிடம் அந்தத் தேர்தல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றரை டெசிபல், வெண்டை, என் தங்கக் காது, எல்லாம். நன்றாகச் சொல்வேன். நான் மட்டும் ஏற்றியிருக்காவிட்டால் அக்கா அந்தத் திங்கட்கிழமையே கோச்சிங் வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பாள் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். கதை பார்க்கிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து லிஃப்டுக்கும் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை, காயின் பெயரெல்லாம் வழியில் உதிர்ந்து, நான்காம் மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

உன் அப்பா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். கையில் ஆபீஸ் பை. யார் தோளிலோ சாய்ந்த மாதிரி சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்டே. கோவமெல்லாம் இல்ல. நீ சத்தத்த ஏத்தி வச்சதுனாலதான் எம்மவ ஜெயிச்சாளா?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஐந்து பேர் அன்று நிஜமாகவே உன்னைத் தேர்ந்தெடுத்தார்களா, இல்லை அந்த ஒன்றரை வருஷம் ஒரு வால் பையனின் விளையாட்டா. அந்தக் குறிப்புத் தாளை அவர் இன்னமும் வைத்திருக்கிறார், அக்கா. ஆபீஸ் பையிலிருந்தே எடுத்தார்.

அவரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம்.

"ஏத்தினேன் மாமா. வெண்டைக்குத்தான் ஏத்தினேன். ஆனா அக்காவோடது பூசணி."

அவர் தாளைப் பார்த்தார். பூசணி ஐந்து. வெண்டை மூன்று. அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. வெண்டை என்பது சந்தையிலேயே பெரிய பேர் எடுத்த மென்பொருள். உலகமே வாங்குகிற அந்த ஆளுக்கு நான் மெனக்கெட்டுப் பிரசாரம் செய்திருக்கிறேன். அதையும் தாண்டி, அதைவிடச் சத்தம் குறைவாக நின்று, நீ ஜெயித்திருக்கிறாய். அன்று உன் அப்பா உறையைக் கிழித்து 'பூசணி' என்று படித்தபோது என் வாய் பிளந்தது. சந்தோஷத்தில் பிளந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவர்கள் உண்டு; எந்தக் காய் பூசணி என்றே தெரியாமல் மறைக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

உன் அப்பா படியில் உட்கார்ந்தார். தாளை முழங்காலில் வைத்து நீவினார். "அப்பம் அவ மெதுவா இருந்தேதான் ஜெயிச்சிருக்கா" என்றார். ஆமாம் மாமா என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, "காயும் தெரியல, காதும் இல்ல. ஒன்ன நம்பி எவன்டே டெஸ்ட் வச்சான்?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். அன்று சாயங்காலம் பார்க்குக்குப் போய்க் கதையை மாற்றிச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

ஏன் அப்படிச் சொல்லித் திரிந்தேன் என்று நீ கேட்பாய். நீ போன பிறகு உன் பக்கத்தில் நிற்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. உன் வெற்றியில் ஒன்றரை டெசிபல் அகலத்துக்கு ஓர் இடம். அதுவும் எனக்கு இல்லை, முழுக்க உன்னுடையது.

அந்த நான்கு ஒலிகளும் என் மடிக்கணினியில் அப்படியே இருக்கின்றன. நேற்று சத்தத்தைச் சரிசமமாக்கி, தம்பியை வரிசை மாற்றிப் போடச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டேன். எதுன்னு சொல்லு என்பாயே, சொன்னேன். தாழ்ந்த சுரத்தில் அந்தக் கரகரப்பு வந்ததும் சந்தேகமே இல்லாமல் கையைத் தூக்கி, இதுதான் அக்கா என்றேன். தம்பி சிரித்த சிரிப்பில் எனக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் வெண்டை.